இசக்கி-சான்

கடலுக்கு அந்தப் பக்கம் நின்று யாராவது உங்கள் பெயரைச் சொன்னால் உங்களுக்குக் கேட்குமா? கேட்காது என்றுதான் சொல்வீர்கள். ஆனைக்கரைவிளை ஆட்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஊருக்கெல்லாம் மைக் செட்டு போடுகிற இசக்கிமுத்து ஒரு கல்யாண வீட்டு வேப்பமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது, கீழே நின்றவர்கள் யாரும் வாயே திறக்காத நேரத்தில், “ஏ, வாரேன்” என்று குரல் கொடுத்துவிட்டு, கட்டின கயிற்றைப் பாதியில் விட்டு, கிழக்கே பார்த்தபடி இறங்கிவந்த அந்தக் காலைவரைக்கும்.

கூப்பிட்டது ஹொகுனோ என்கிற ஜப்பான் ஊர். அங்கேதான் அவர் மகள் சொர்ணலதா இருந்தாள். மீன்வளம் படித்த பெண். நார்வேயில் மேல்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்திருந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஒன்பது மாசம் ஜப்பானில் மீன் பதப்படுத்தும் பள்ளி ஒன்றில் இருந்து தொழில் பழக வேண்டும், அதை ஒழுங்காக முடித்தவர்களைத்தான் அந்தப் பக்கம் அனுப்புவார்கள் என்று ஏற்பாடு. அப்படித்தான் ஐப்பசி மாசத்தில், தேங்காய் எண்ணெய் பாட்டிலும் இட்லிப் பொடியும் அம்மா கட்டிக்கொடுத்த வடகமுமாக, பனி பெய்கிற ஒரு கடலோர ஊரில் போய் இறங்கினாள்.

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது என்று சொன்னதும் எல்லார் வீட்டிலும் செய்கிறதைத்தான் அவர்கள் வீட்டிலும் செய்தார்கள், அப்பா பெயரை அதில் எழுதினார்கள். ஜப்பானிலோ மனிதர்களைக் குடும்பப் பெயரால் கூப்பிடுவதுதான் மரியாதை, சொந்தப் பெயரால் கூப்பிட்டால் தோளில் கை போட்ட மாதிரி. பள்ளியில் முதல் நாள் ஒனோ வாத்தியார் பெயரை வாசித்தார், பாதியில் நாக்கு திணறி நின்றார், பிறகு முகம் மலர்ந்து, “இசக்கி-சான்” என்றார், சான் என்பது நம் ஊர் அவர்கள் மாதிரி ஒரு மரியாதை ஒட்டு. அந்தக் கடல்களில் கிட்டத்தட்ட அதே ஓசையில் பெயருள்ள ஒரு மீன் உண்டு, கோடையில் ருசியான மீன், அதனால் வகுப்பே சிரித்துத் தலையாட்டியது.

“அது எங்க அப்பா பேர்” என்று சொர்ணலதா தனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியில் சொன்னாள்.

“ஆமாம், அதுதானே வேண்டும்” என்றார் ஒனோ வாத்தியார், குனிந்து வணங்கி.

அவளும் விட்டுவிட்டாள். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நடந்து போகும் வழியெல்லாம், டோஃபு என்கிற சோயாக் கட்டி விற்கிற கடையில், தபால்காரர் வாயில், விடுதியை நடத்துகிற ஹராகுச்சி அம்மாள் படிக்கட்டுக்குக் கீழே நின்று சாப்பிடக் கூப்பிடுகையில், மீன் கொட்டகையில் கத்தியும் பலகையும் கொடுக்கையில், இசக்கி-சான், இசக்கி-சான் என்று ஒரு ஊரே அப்பாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. போனில் சொன்னதும் அப்பாவுக்கும் பெருமை தாங்கவில்லை. “நம்ம ஊர்ல எனக்கு மைக் செட்டுன்னு பேரு, அங்க போயி என் சொந்தப் பேரு ஒழைக்குது பாரு” என்றார்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் பெயர் உழைக்கத் தொடங்கிவிட்டது.

அந்தக் கல்யாண வீட்டுக் காலையில் ஒனோ வாத்தியார் வருகை எடுத்தார். “இசக்கி-சான்” என்றதும் சொர்ணலதா “ஹை” என்று சொல்ல வாய் எடுப்பதற்குள், வகுப்பின் பின்வரிசையில், ஆள் இல்லாத நாற்காலியிலிருந்து, உயரத்தில் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுகிற குரலில், “ஏ, வாரேன்” என்று பதில் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாத்தியார் ஒரு கணம் பேனாவை நிறுத்தினார், நாற்காலியை நோக்கி லேசாகத் தலை வணங்கினார், அடுத்த பெயரை வாசித்தார்.

அன்றைக்கு அம்மாவிடம் பேசியபோதுதான் மரத்திலிருந்து இறங்கிவந்த சங்கதி தெரிந்தது. அம்மா சண்முகவடிவு கோபமாக இருந்தாள். “முகம் தெரியாம யாரும் கூப்பிட்டா மூணு தடவை கேட்ட பொறவுதான் ஏன்னு கேக்கணும், பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும். இவிய மொதக் குரலுக்கே வாரேன்னிருக்காவ. காதுக்குள்ள எப்பவும் ஸ்பீக்கரை வச்சிருந்தா எந்தச் சத்தம் எங்கிருந்து வருதுன்னு எப்படித் தெரியும்?”

வாரேன் என்று சொன்ன ஆள் வரத்தானே வேண்டும். அவர் வந்தார், கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்.

முதல் பனி விழுந்த அன்று சொர்ணலதாவின் பூட்ஸ் தடத்துக்குப் பக்கத்தில் வெறுங்காலின் தடம் ஒன்று கூடவே வந்தது, இடது கால் சுண்டுவிரல் பதியாத தடம், அப்பாவுக்குச் சின்ன வயதில் கம்பத்திலிருந்து விழுந்து மடங்கிப்போன விரல் அது. பிறகு ஜன்னல் கண்ணாடியில் மூச்சு படிகிற மாதிரி ஒரு உருவம், பிறகு வேட்டி, பிறகு சட்டைப் பையில் சொருகின டெஸ்டர், கடைசியில் முகம். ஒவ்வொரு முறை யாராவது பெயரைச் சொல்லும்போதும் உருவம் ஒரு சுற்று கெட்டியானது, பதநீர் காய்ச்சினால் பாகு இறுகிவருமே, அந்த மாதிரி. “அப்பா” என்று அவள் கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஆளைப்போல அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இசக்கி-சான் என்று வேறு யாரோ சொன்ன திசைக்குத் தலையைத் திருப்பிக்கொள்வார்.

ஹொகுனோ மனிதர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டால், வீட்டுக்கு வந்த ஆளை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஹராகுச்சி அம்மாள் விடுதி வாசலில் பெரிய அளவில் ஒரு ஜோடி செருப்பைக் கூடுதலாக வைத்தாள், வேட்டி நனைந்து கிடந்ததைப் பார்த்து அடுத்த நாள் ரப்பர் பூட்ஸும் வைத்தாள். டோஃபு கடையில் சொர்ணலதா ஒரு கட்டி கேட்டால் இரண்டு கட்டி கட்டினார்கள். தெருவில் பனி வாருகிற முறை வந்தபோது அவருக்கும் ஒரு மண்வெட்டி ஒதுக்கினார்கள், அவர் வாரினாரோ இல்லையோ, அவர் பங்குப் பனி காலையில் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தது. யாரும் ஆச்சரியப்பட்டு ஒரு வார்த்தை பேசவில்லை, பேசுவது மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள் போல.

அந்த ஊரில் தெருமுனைக் கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள், பூகம்பம் வந்தால் சொல்வதற்கு. அது வேலை செய்கிறதா என்று பார்க்கத் தினமும் மாலை ஐந்து மணிக்கு அதில் ஒரு மெல்லிசை போடுவார்கள். மீன் கொட்டகைக் கம்பத்து ஸ்பீக்கர் மட்டும் வெகுகாலமாக இரைந்துகொண்டிருந்தது. இசக்கிமுத்து அந்தக் கம்பத்தடியில் போய் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, காதோரம் கையைக் குவித்துக் கேட்பார். ஒரு வாரத்தில் இரைச்சல் நின்றது. அதன்பிறகு ஐந்து மணி இசை அந்தக் கம்பத்தில் மட்டும் கொஞ்சம் எக்கோ வைத்த மாதிரி, கோயில் கொடை நாளில் தூரத்து ஊரிலிருந்து காற்றில் வருகிற மாதிரிக் கேட்டது. வயசான மீனவர்கள் அதைக் கேட்பதற்கென்றே வந்து நின்றார்கள். “இசக்கி-சானின் கம்பம்” என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இப்போது அவர்கள் அந்தப் பெயரைச் சொன்னபோது மகளைக் கூப்பிடவில்லை, அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

இந்தப் பக்கம் ஆனைக்கரைவிளையில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல கோமு மைனி இருந்தாள், சொர்ணலதாவின் அண்ணன் மனைவி, இடுப்பில் பிள்ளையும் கையில் போனுமாக நிற்கிறவள். அவள் வீடியோவில் வந்தால் பாதி நேரம் பிள்ளையின் காதுதான் தெரியும்.

“மாமா இன்னைக்கு உப்புமா சாப்பிட்டாவ, ஆனா தட்டுல அப்படியே கெடக்கு” என்பாள். “சாப்பிட்ட மாதிரி ஏப்பம் மட்டும் வருது.”

“அங்க ரெண்டு கட்டி டோஃபு தீர்ந்துபோச்சு மைனி.”

“அதான பாத்தேன். அங்கன போயி தின்னுட்டு இங்கன கை கழுவுதாவ.”

மார்கழியில் அவர் கடைத்தெருவுக்குப் போனால் தோள்பட்டையில் பனி இருந்தது. வெயிலில் நின்றும் கரையாத பனி. பிள்ளைகள் அதைச் சுரண்டி டம்ளரில் போட்டு நன்னாரி சர்பத் ஊற்றிக் குடித்தார்கள். முதலில் ஏசின தாய்மார்கள் பிறகு தாங்களே கிண்ணத்தோடு வந்தார்கள். அந்த ஊர்ப் பொழுது நம் ஊர்ப் பொழுதைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுவது, அதனால் அவர் நிழல் இங்குள்ள சூரியனைக் கண்டுகொள்ளாமல் அங்குள்ள சூரியனுக்கு விழுந்தது. உச்சி வெயிலில் எல்லார் நிழலும் காலடியில் சுருண்டு கிடக்க, அவர் நிழல் மட்டும் தெருவின் குறுக்கே நீட்டிப் படுத்திருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் அங்கே இருட்டிவிடும், நிழலே இருக்காது. நாய்கள் அந்த நேரத்தில் அவர் இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும். டீக்கடையில் கண்ணாடி கிளாஸ் அவர் விரலில் நிற்காமல் வழுகியதால் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தனியாக வைத்தார்கள். கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் வந்து, “அண்ணாச்சி, முகூர்த்தத்தன்னைக்கு நீங்க இங்கன இருப்பியளா, அங்கன இருப்பியளா?” என்று கேட்டுப்போனார்கள். பாதி இருப்பேன் என்று சொன்னால் அதற்குத் தகுந்த மாதிரி வேறு ஆளையும் சேர்த்துக்கொண்டார்கள். பெயின்ட் அடிக்கிற முருகேசன் மாதிரி ஒரு ஆள் வெளிநாடு போனால் ஊர் பழகிக்கொள்ளாதா, அந்த மாதிரிப் பழகிவிட்டது ஊர்.

பழகாதவள் சண்முகவடிவு ஒருத்திதான். மைக் வயரை அவர் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி மறுமுனையை நிலைக்கதவில் கட்டிவைத்தாள். விடிந்து பார்த்தால் முடிச்சு அப்படியே இருக்கும், ஆளும் கட்டிலில்தான் இருப்பார், வயர் மட்டும் கிழக்குச் சுவரில் போய் விறைத்து நிற்கும், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. வைகாசியில் ஒரு நாள் கோமு போனைத் தூக்கி மாமனாரின் நெஞ்சுக்கு நேரே காட்டினாள். சட்டைக்குப் பின்னால், உடம்புக்குப் பின்னால், சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் தேதி அழுத்தமாகத் தெரிந்தது.

அன்றைக்குப் பிள்ளையைக்கூட இடுப்பிலிருந்து இறக்கிவிட்டிருந்தாள் மைனி.

சொர்ணலதாவுக்கு அதன்பிறகு பாடம் ஓடவில்லை. நார்வேக்கு விமானச்சீட்டு வந்திருந்தது, ஆடி பிறந்ததும் கிளம்ப வேண்டும். அங்கிருந்து வந்த வரவேற்புக் கடிதத்தில், எங்கள் நாட்டில் எல்லாரையும் சொந்தப் பெயரால்தான் அழைப்போம், சொர்ணலதா, சீக்கிரம் வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த வரியைத் திரும்பப் படித்தாள். அங்கே யாரும் இசக்கி என்று கூப்பிடப்போவதில்லை. அவள் போய்விட்டால் இங்கேயும் எத்தனை நாளைக்குக் கூப்பிடுவார்கள்?

ஹராகுச்சி அம்மாளிடம் கேட்டாள். அவள் கணவாய் மீனை உலர்த்தக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள், மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“நானே கேட்க நினைத்தேன். உன் அறையைக் காலி செய்தபிறகு அவருடைய பூட்ஸை வாசலில் வைக்கவா, எடுத்துவிடவா?”

“எடுத்துவிட்டால் அவர் எங்கே போவார்?”

ஹராகுச்சி அம்மாள் கடற்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். அலைதடுப்புச் சுவரின்மேல் எப்போதும் சிலர் நின்றுகொண்டிருப்பார்கள். தூண்டில் போடுகிறவர்கள் என்றுதான் சொர்ணலதா இத்தனை மாசமும் நினைத்திருந்தாள்.

“எங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் நிறைய வந்து போனார்கள். பெயரைச் சொல்லிச் சொல்லி, யார் யாரோ கூடவே வந்தார்கள். கூப்பிடுவது நின்றபிறகு அவர்களுக்குத் திரும்பிப் போகத் தெரியவில்லை. நாங்கள் கேட்டுப்பார்த்தோம். ஆனால் யார் யாருக்கு என்ன பெயர் என்பது எங்களுக்கு மறந்துபோனது.” ஒரு கணவாயின் கால்களை நீவிவிட்டாள். “மன்னிக்க வேண்டும்.”

சொர்ணலதா அலைதடுப்புக்கு நடந்துபோய்ப் பார்த்தாள். நல்ல வெயில். நின்றவர்கள் கையில் தூண்டில் இல்லை. ஒருவர் உடுப்பு கம்பளி, ஒரு பெண்ணின் உடுப்பு பருத்தி, ஒருவர் காலில் சேறு இன்னும் ஈரமாக இருந்தது, எந்த நாட்டு வயல் சேறோ. எல்லாரும் கடலைப் பார்த்து நின்றார்கள். அவள் இருமினாள், பேசினாள், கையைத் தட்டினாள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. திரும்புவதற்கு அவர்களிடம் அவர்கள் பெயர் இல்லை.

விடுதிக்கு ஓடிவந்து எல்லாரிடமும் கெஞ்சினாள், என்னைச் சொர்ணா என்று கூப்பிடுங்கள், அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள் என்று. அவர்களுக்கு வாய் வரவில்லை, ஆனாலும் அவளுக்காகச் சம்மதித்தார்கள். ஊர் முழுக்க இரண்டு நாள் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. வருகை எடுக்கையில் வாத்தியார் அவள் முகத்தைப் பார்த்து வெறுமனே குனிந்தார். அப்பா ஹொகுனோவில் மங்கினார். அவள் ஆசையாக வீட்டுக்குப் போன் போட்டாள்.

“அங்கன வந்துட்டாவளா மைனி?”

கோமு போனைக் கட்டில் பக்கம் திருப்பினாள். வயர் மட்டும் ஒரு சுற்றாகச் சுருண்டு கட்டிலில் கிடந்தது. அந்தச் சுற்றுக்குள் ஆள் இல்லை. “இங்கனயும் இல்ல, அங்கனயும் இல்லன்னா எங்கனட்டி போனாவ?” என்று பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. சொர்ணலதா போனைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, இசக்கி-சான், இசக்கி-சான் என்று அவளே கத்தினாள், டோஃபு கடைக்காரரும் தபால்காரரும் சேர்ந்து கத்தினார்கள். அப்போதுதான் கம்பத்தடியில் வேட்டி மெதுவாகத் தெரிந்தது. கட்டிலிலும் கொஞ்சம் தெரிந்தது என்று மைனி சொன்னாள்.

அதில் ஒன்று புரிந்துபோனது. இந்தப் பக்கம் விட்டால் போதாது, அந்தப் பக்கம் பிடித்து இழுக்க வேண்டும். அந்தப் பக்கமிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

ஆனைக்கரைவிளைக்கு இது ஒரு பெரிய காரியமா? அவருடைய மைக் செட்டையே எடுத்துக் கட்டினார்கள். நாலு குழாயையும் கிழக்கே திருப்பினார்கள். ஊர் கூடிவிட்டது. முதலில் மைக்கைப் பிடித்தவர் அவர் அண்ணன்.

“தம்பீ” என்றார்.

“பேரைச் சொல்லும் ஓய்” என்றது கூட்டம்.

“பேரா…” அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு யோசித்தார். “இசக்கிமுத்து” என்றார் பிறகு, பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவனுக்குப் பரிசு கொடுக்கக் கூப்பிடுகிற மாதிரி. அவருக்கே அது யார் பெயரோ போல இருந்தது. அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதுதான் கதை. மச்சான் என்று கூப்பிட்டவனும் அண்ணாச்சி என்று கூப்பிட்டவனும் மைக் செட்டு என்று கூப்பிட்டவனும் அந்தப் பெயரை வாயில் போட்டு உருட்டினார்கள், சுடுசோற்றை உருட்டுகிற மாதிரி. நாலு குழாயிலும் பெயர் முழங்கியது, காக்கைகள் எழுந்து பறந்தன. கட்டிலில் இருந்த பாதி மனுஷன் எழுந்து உட்கார்ந்து, அது தனக்கில்லை என்பதுபோல அங்கும் இங்கும் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். ஊருக்குப் பகீரென்றது. இத்தனை வருஷம் கூடவே இருந்த மனுஷனை அவர் பெயரில் ஒருத்தரும் வைத்திருக்கவில்லை. ஜப்பான்காரன் வைத்திருந்தான்.

அப்போதுதான் எல்லாரும் சண்முகவடிவைப் பார்த்தார்கள்.

சண்முகவடிவு புருஷன் பெயரைச் சொன்னதே கிடையாது. இந்தாருங்க என்பாள், அவிய என்பாள், சொர்ணா அப்பா என்பாள். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டால் கூட வந்தவர்களைச் சொல்லச்சொல்லுவாள், யாரும் வரவில்லையென்றால் காலண்டரில் இருக்கிற இசக்கியம்மனைக் கையால் காட்டி, “இவுக பேரு, அதோட சிப்பிக்குள்ள இருக்குமே அது” என்று சொல்லி நர்சைத் திணறடிப்பாள். ஆமணக்கு முத்தை ஆமணக்கு விதை என்பாள். மேலத்தெரு இசக்கியம்மனைக்கூட மேலத்தெருக்காரி என்றுதான் கும்பிடுவாள். பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் அதை நம்பினாள், விளையாட்டாக இல்லை, அடுப்பு சுடும் என்பதை நம்புகிற மாதிரி.

“அம்மா, நீ கூப்பிட்டா வந்துருவாவ” என்றாள் சொர்ணலதா போனில்.

“வந்து? வந்த கையோட அவியளுக்கு ஒண்ணு ஆனா?”

“கூப்பிடாம இருந்தா அந்தச் செவத்து மேல போயி நிப்பாவம்மா. நான் பாத்துட்டு வந்தேன்.”

“நின்னாலும் இருப்பாவள்லா” என்றாள் அம்மா. “எங்கனயோ இருப்பாவ. என் வாயால போனாவன்னு இருக்கக்கூடாது.”

“மைனி, நீயாவது சொல்லேன்.”

“சொல்லாமலா இருக்கேன்?” என்றாள் கோமு. “அத்தே, மாமா சட்டையைத் தொவைக்கப் போட்டா சட்டை மட்டுந்தான் வருது, இதுக்கு மேல ஆயுசுல என்ன கொறையப்போவுதுன்னு கேட்டேன். கரண்டியைத் தூக்கிட்டு வந்துட்டாவ.”

சொர்ணலதா படிப்பை விட்டுவிட்டு ஹொகுனோவிலேயே இருந்துவிடுகிறேன் என்றாள். அப்படி இருந்தால் கூப்பிட்டுக்கொண்டாவது இருப்பார்கள். அம்மா அதற்கும் சம்மதிக்கவில்லை, உன் படிப்புக்காகத்தான் அந்த மனுஷன் அவ்வளவு கம்பம் ஏறினார் என்றாள். போனை மைனியிடம் கொடுத்துவிட்டாள். ஆடி பிறந்தது.

கிளம்புகிற அன்றைக்கு ஹொகுனோ பஸ் நிறுத்தத்துக்கு ஊரே வந்திருந்தது. அம்மா ஒருவேளை கூப்பிட்டால் இங்கிருந்து யாரும் இழுக்கக்கூடாது என்று அவள் கேட்டிருந்ததால் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஒனோ வாத்தியார் மீன் வெட்டுகிற கத்தி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்துக் குனிந்தார், தபால்காரர் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார், ஹராகுச்சி அம்மாள் குனிந்தவள் நிமிரவே இல்லை. வெட்டுக்கிளிகள் மாதிரி ஏதோ பூச்சிகள் மரங்களில் இரைந்துகொண்டிருந்தன. எல்லாருக்கும் நடுவில் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு இசக்கிமுத்து நின்றார். யாரும் கூப்பிடாததால் அவர் முகம் அலைதடுப்புப் பக்கம் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, காற்று குறைந்த நாளில் காற்றாடி திரும்புகிற மாதிரி.

சொர்ணலதா வீட்டுக்குப் போன் போட்டாள். கோமு எடுத்தாள், பிள்ளையின் காது தெரிந்தது, பிறகு போன் கை மாறியது, அம்மாவின் முகம் தெரிந்தது. மைக் செட்டும் அவர் கட்டிலும் கிடக்கிற ஓட்டுச் சாய்ப்புக்குள் இருந்தாள். பின்னால் கட்டிலில் வயர் மட்டும் கிடந்தது.

“அவியளக் காட்டு” என்றாள் அம்மா.

சொர்ணலதா போனை அப்பாவின் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். முகம் இன்னும் திரும்பிக்கொண்டுதான் இருந்தது, ஒரு காதும் கன்னமும்தான் மிச்சம். மலை வளைவில் பஸ் வருகிற சத்தம் கேட்டது.

“இந்தாருங்க” என்றாள் அம்மா.

முகம் நின்றது. அந்தச் சொல்லுக்கு அவர் திரும்பவில்லை, ஆனால் நின்றார், வழியில் தெரிந்த வாசனை ஒன்று பட்டதும் நிற்கிற மாதிரி. இத்தனை மாசமாக ஹொகுனோவில் வாரேன் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் பேசாத மனுஷன் தொண்டையைக் கனைத்தார், மைக்கைச் சரிபார்க்கிற மாதிரி ஒரு முறை ஊதினார்.

“வடிவு.”

“சொல்லுங்க.”

“இந்த ஊர்ல எல்லாரும் நல்லவங்கதான். பூட்ஸெல்லாம் குடுத்திருக்காவ. ஆனா இவங்க கூப்பிடும்போது எனக்கு இவங்க மூஞ்சிதான் வருது. என் மூஞ்சி மறந்துட்டு வருது.”

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். உதடு அசைந்தது, தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள்.

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. அவர் பூட்ஸ் இரண்டும் காலியாகத் தெரியத் தொடங்கின, முழங்காலுக்கு மேலேதான் ஆள் இருந்தார்.

“ஆயுசு கொறைஞ்சா கொறைஞ்சுட்டுப் போவுது வடிவு” என்றார் இசக்கிமுத்து. “இருக்கிற மிச்சத்துக்கு நான் நம்ம வீட்டுல இருக்கேன். ஒருக்கா, ஒரே ஒருக்கா, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு.”